டெம்போவில் ஒரு கப்பல் பயணம்

எங்கள் சித்தப்பா பிரெஞ்சு ராணுவத்தில் 'சொல்தா'வாக, அதாவது சிப்பாயாக, இருந்து ஓய்வு பெற்றவர். புதுச்சேரிப் பக்கம் வில்லியனூரில் 'சொல்தா வீடு' என்றால் போதும், டெம்போக்காரர் வாசலிலேயே இறக்கிவிடுவார். சித்தியோடு ரைன் நதியில் கப்பல் பயணம் போய்வந்ததில் இருந்து அவருக்கு நம் ஊர் எதுவும் கண்ணில் படுவதில்லை.

"ஊருன்னா ஆத்தோரமா இருக்கணும்டா. கப்பல் நிக்கணும். இறங்கணும். கொடை பிடிச்சுக்கிட்டு ஒருத்தன் முன்னாடி போவணும்."

குடைக்காரர்தான் வழிகாட்டி. மழை இருக்காது, வெயிலும் இருக்காது. ஆனாலும் குடை உயரே நிற்கும். காதில் கருவியை மாட்டிக்கொண்டு ஒரு கூட்டமே அதன் பின்னால் போகும். கொலோனில் 157 மீட்டர் உயரத்தில் ஒரு பேராலயம். 1248இல் கட்ட ஆரம்பித்து 1880இல் முடித்தார்கள் என்று குடைக்காரர் சொன்னதும், "கான்ட்ராக்ட் யாருக்கு விட்டாங்களாம்?" என்று கேட்டாராம் சித்தி.

சித்தியின் பயணக் குறிப்பு சுருக்கமானது. "எல்லா ஊர்லயும் ஒரு சர்ச்சு, ஒரு கடைத்தெரு, காசு குடுத்துப் போற கக்கூசு. மூணாவது ஊருக்கு மேல எது எந்த ஊருன்னே தெரியல." இத்தனை செலவழித்து ஜனங்கள் ஏன் போகிறார்கள் என்றால், என் கணிப்பில் அது நதிக்காக அல்ல. ஊருக்கு ஊர் பெட்டியைக் கட்டி அவிழ்க்க வேண்டாமே, அதற்காகத்தான்.

குட்டு ஒருநாள் சித்தி வாயாலேயே உடைந்தது. "கப்பல்ல எங்கடா போனோம்? பாதி நாள் பஸ்ஸுதான்." அவர்கள் போனது 2022 ஆகஸ்ட். அந்தக் கோடையில் ரைன் வற்றி, காவ்ப் என்ற ஊரின் நீர்மானி 40 செ.மீ.க்கும் கீழே காட்டியது. சில கப்பல்காரர்கள் பயணிகளைப் பேருந்தில் ஏற்றி ஊர் காட்டினார்கள்.

தண்ணீர் இல்லாத ஆறு, சக்கரம் வைத்த கப்பல். இது நமக்குப் புதிதா? ஆரியபாளையம் பாலத்தில் நின்று சங்கராபரணியைப் பார்த்தேன். கோடையில் அதுவும் அதே நிலைதான். உடனே ஒரு டெம்போவைப் பேசிவிட்டேன். கத்திரி வெயில் என்பதால் சித்தி குடை பிடித்தார், வழிகாட்டியும் தயார்.

முதலில் உள்ளூர். திருக்காமீஸ்வரர் கோயில் தேர்வடத்தைப் பிரெஞ்சு கவர்னர் தொட்டு இழுத்த வழக்கம் இன்றும் விடவில்லை, இப்போது துணைநிலை ஆளுநர் இழுக்கிறார் என்று ஊரறிந்த கதையை மறுபடி சொன்னேன். "கொலோன்ல தேர் கெடையாது" என்று சித்தப்பா ஒரு மதிப்பெண் போட்டார். 1877இல் எழுந்த லூர்து மாதா கோயிலுக்கு எதிரே குளத்தைப் பார்த்ததும் சித்தி செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்துவிட்டார். புவிசார் குறியீடு வாங்கிய நம் ஊர்ச் சுடுமண் பொம்மைகளில் ஒரு குதிரையை வாங்கினோம். கைக்கு அடக்கமானதை வாங்கியிருக்கலாம். அது டெம்போவில் ஓர் ஆள் இடத்தைப் பிடித்துக்கொண்டது.

அடுத்தது திருக்காஞ்சி. காசிக்குக் கொண்டுபோன அஸ்தி இங்கே பூவாக மாறியது என்பது ஐதீகம். "இதை மொதல்லயே சொல்லியிருந்தா காசிக்குப் போன செலவு மிச்சம்" என்றார் சித்தி.

நோணாங்குப்பத்தில் உண்மையான படகே இருந்தது. டெம்போவில் தனியாக விட மனமில்லாமல் குதிரையையும் ஏற்றிக்கொண்டு சுண்ணாம்பாற்றில் போய்வந்தோம்.

கடைசி நிறுத்தம் அரிக்கமேடு. மாமரம், இடிந்த செங்கல் சுவர், தொல்லியல் துறை பலகை. டீக்கடைகூட இல்லை. "இதுக்கா என்னை இவ்வளவு தூரம் இழுத்தாந்தே?" என்று சித்தப்பா கடுப்பானார்.

விளக்கினேன். ஆற்றோரம் கப்பல் நின்று வெளிநாட்டான் இறங்கிய ஊர் இதுதான். இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்திய கதை. 1945இல் மார்டிமர் வீலர் தோண்டியபோது இத்தாலிக் களிமண் பாத்திரம் கிடைத்தது. இரண்டு கைப்பிடி வைத்த உயரமான சாடிகளின் துண்டுகளும் கிடைத்தன.

"சாடியில என்ன?"

"ஒயின், சித்தப்பா. கப்பல் ஏத்தி அனுப்பியிருக்கான்."

சித்தப்பா முகத்தில் ரைன் நதி பார்த்தபோதுகூட அப்படி ஒரு வெளிச்சம் வந்திருக்காது.

"ஊர் உலகமே பாண்டிக்கு வந்து வாங்கிட்டுப் போவுது. பாண்டிக்கே பாட்டில் கொண்டாந்தானா? எவன்டா அந்த ஏமாந்த ரோமாபுரிக்காரன்!"