பதினாறு ரூபாயும் ஒரு சைக்கிள் ட்யூபும்

சிறப்புக் குழந்தைகளின் படிப்பு பற்றி இந்த மாதம் நிறையக் கேள்விகள் வந்திருந்தன. வட்டார வள மையத்தில் சிறப்புப் பயிற்றுநராகப் பல வருஷம் ஊர் ஊராகப் போய்வந்தவள் என்ற முறையில் பதில் சொல்கிறேன்.

கேள்வி: எங்கள் ஒன்றியப் பள்ளியில் மூன்றாம் வகுப்பில் 38 பிள்ளைகள். ஒரு பையனுக்கு ஆட்டிசம், ஒரு பெண்ணுக்குப் பார்வைக் குறைவு. சிறப்புப் பயிற்றுநர் வாரம் ஒரு நாள் வருகிறார். மற்ற நாட்களில் நான் என்ன செய்வது? (ஆசிரியை, விக்கிரவாண்டி)

முதலில் உட்காரும் இடத்தை மாற்றுங்கள், காலணா செலவில்லை. பார்வை குறைந்த பிள்ளையை முன்வரிசையில் உட்கார வைத்தால் மட்டும் போதாது. ஜன்னல் வெளிச்சம் கண்ணில் அடித்தால் கரும்பலகை அவளுக்கு வெறும் பளபளப்புதான். வெளிச்சம் முதுகுப் பக்கமிருந்து வரட்டும். எழுதும்போதே வாயாலும் சொல்லுங்கள். "இதையும் இதையும் கூட்டினா" என்றால் அவளுக்கு ஒன்றும் தெரியாது. "ஏழையும் எட்டையும் கூட்டினா" என்று சொல்லிப் பாருங்கள், 38 பேருக்கும் விளங்கும்.

பையனுக்கு, அடுத்து என்ன நடக்கப்போகிறது என்று தெரியாததுதான் பெரிய தவிப்பு. பழைய காலண்டர் அட்டையில் நாலு படம் ஒட்டுங்கள்: பாட்டு, கணக்கு, சாப்பாடு, வீடு. ஒன்று முடிந்ததும் அந்தப் படத்தை அவனே திருப்பி வைக்கட்டும். மணி அடித்தாலே காதைப் பொத்திக்கொண்டு ஓடும் ஒரு பையனை எனக்குத் தெரியும். தலைமையாசிரியர் யோசித்து, மணி அடிக்கும் வேலையை அவனுக்கே கொடுத்தார். அன்றோடு ஓட்டம் நின்றது. சத்தம் எப்போது வரும் என்பது இப்போது அவன் கையில் இருந்தது.

பெஞ்சு இழுபடும் கிறீச்சும் இந்தப் பிள்ளைகளை வதைக்கும். பழைய சைக்கிள் ட்யூபை வெட்டிப் பெஞ்சின் கால்களில் மாட்டுங்கள். மிச்சத் துண்டைப் பென்சிலில் சுற்றிவிட்டால் விரலில் பிடிப்பு இல்லாத பிள்ளைக்கும் எழுத வரும். பஞ்சர் கடையில் கேட்டால் சும்மாவே தருவார்கள்.

கேள்வி: ஒரு சிறப்புக் குழந்தைக்கு ஆண்டுக்கு 3,500 ரூபாய் ஒதுக்கீடாமே? என் மகள் பெயரில் அது வரவே இல்லையே? (ஒரு தாய், மன்னார்குடி)

அது அப்படியே வங்கிக் கணக்கில் விழும் பணம் இல்லை, அம்மா. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் உபகரணம், மருத்துவ முகாம், பாடப் பொருள், போக்குவரத்து எல்லாவற்றுக்கும் சேர்த்துத் திட்டமிடும் தொகை. 220 பள்ளி நாளுக்கு வகுத்தால் நாளைக்குப் பதினாறு ரூபாய். பெண் குழந்தைகளுக்கு மாதம் 200 ரூபாய் வீதம் பத்து மாத உதவித்தொகை தனியாக உண்டு. அது உங்கள் மகளுக்கு வருகிறதா என்று வட்டார வள மையத்தில் இந்த வாரமே கேளுங்கள்.

அந்தப் பதினாறு ரூபாயும் நிச்சயமில்லை. ஒன்றிய அரசின் பி.எம்.ஶ்ரீ பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் தமிழகம் கையெழுத்திடாததால், 2024-25இல் ஒன்றிய அரசு ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் தன் பங்கான 2,152 கோடி ரூபாயைத் தராமல் நிறுத்திவைத்தது. இரண்டு அரசுகளின் இழுபறியில் நடக்க முடியாத குழந்தையின் பிசியோதெரபி சிக்கிக்கொள்வதை என்னால் ஏற்கவே முடியவில்லை.

கேள்வி: எங்கள் பள்ளியில் சாய்தளம் கட்டியாகிவிட்டது. இனிப் பிரச்சினை இல்லைதானே? (பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர், ஆரணி)

டேப் எடுத்துக்கொண்டு போய் அளந்து பாருங்கள். ஒன்றுக்குப் பன்னிரண்டு என்பது கணக்கு. அரை அடிப் படிக்கு ஆறடி நீளம் வேண்டும். இரண்டடியில் முடித்திருந்தால் அது சறுக்குமரம். அப்படியே கழிப்பறைக் கதவையும் அளந்துவிடுங்கள். சக்கர நாற்காலி உள்ளே போகாத கழிப்பறைக்குப் பயந்து, காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் உட்கார்ந்திருந்த பெண் பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: இப்படிப்பட்ட பிள்ளைகளைச் சேர்த்தால் மற்ற பிள்ளைகளின் படிப்பு கெடாதா? (ஒரு தந்தை, ஈரோடு)

கெடாது. நிதானமாகச் சொல்லி, எழுதிக் காட்டி, தொட்டுப் பார்க்கவும் வைக்கிற வகுப்பில் உங்கள் பிள்ளைக்கும் நன்றாகவே புரியும்.

கேள்வி: "இவனுக்கு ஸ்பெஷல் ஸ்கூல்தான் சரி" என்று ஒரு பள்ளியில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். என்ன செய்ய? (ஒரு தாய், பல்லடம்)

"அதை எழுதிக் கொடுங்க சார்" என்று கேளுங்கள். வாயால் சுலபமாக மறுப்பவர்கள் எழுத்தில் மறுக்கத் தயங்குவார்கள். அரசு நிதி பெறும் பள்ளியோ அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளியோ, பாகுபாடு இல்லாமல் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்கிறது. 40 சதவீதத்துக்குக் குறையாத குறைபாடு என்று சான்றிதழ் இருந்தால், 6 வயது முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உண்டு. அருகிலுள்ள பள்ளியா சிறப்புப் பள்ளியா என்று தேர்ந்தெடுக்கும் உரிமை உங்களுடையது.

அதற்காகச் சிறப்புப் பள்ளியை இளக்காரமாக நினைக்க வேண்டாம். சைகை மொழி தெரிந்த ஒருவர்கூட இல்லாத வகுப்பில் காது கேளாத குழந்தையை உட்கார வைத்துவிட்டு, சேர்த்துக்கொண்டோம் என்று சொல்ல நமக்கு வாய் வரக்கூடாது. அவனோடு பேச ஆள் எங்கே இருக்கிறது என்று பார்த்து முடிவெடுங்கள்.

கேள்வி: முகாமில் காது மெஷின் கொடுத்தார்கள். மகன் போடவே மாட்டேன் என்று பிடிவாதம் பிடிக்கிறான். (ஒரு தந்தை, பரமக்குடி)

பிடிவாதமாக இருக்காது. முதலில் பேட்டரியைப் பாருங்கள். ஒரு வீட்டில், பட்டுத்துணியில் சுற்றிச் சாமி மாடத்தில் வைத்திருந்த மெஷினை எடுத்துக் காட்டினார்கள். விலை உயர்ந்த பொருளாச்சே என்று பத்திரமாக வைத்திருக்கிறார்கள். உள்ளே பேட்டரி செத்து எட்டு மாதம்.

பட்டன் பேட்டரியின் முதுகில் இருக்கும் ஸ்டிக்கரை உரித்து, ஒரு நிமிஷம் காற்றுப்பட விட்டுப் பிறகு போடுங்கள். உரித்துவிட்டால் போட்டாலும் போடாவிட்டாலும் தீர்ந்துகொண்டே வரும், அதனால் முன்கூட்டி உரிக்காதீர்கள். அடுத்து, காதுக்குள் வைக்கும் அச்சு. பிள்ளையின் காது வளரும், அச்சு வளராது. தளர்ந்த அச்சு கீச்சென்று கத்தும், அவன் பிடுங்கி எறிவான். இறுக்கமாக இருந்தால் வலிக்கும். புது அச்சு எடுக்கக் காது பரிசோதகரிடம் கூட்டிப் போங்கள். இரவில் மெஷினை ஒரு டப்பாவில் போட்டு, புதுச் செருப்புப் பெட்டியில் வருமே சிலிகா ஜெல் பொட்டலம், அதையும் கூட வையுங்கள். வியர்வை ஈரம்தான் மெஷினுக்கு எமன்.

காலையில் பள்ளிக்குக் கிளம்பும் முன், ஒரு தாளால் உங்கள் வாயை மறைத்துக்கொண்டு ஆ, ஊ, ஈ, ஷ், ஸ், ம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். கேட்டால் கை தூக்கட்டும். ஆறுக்கும் தூக்கினால் மெஷின் வேலை செய்கிறது. நேற்றுவரை கேட்ட 'ஸ்' இன்று கேட்கவில்லை என்றால் மெஷினையும் காதையும் அன்றே பார்த்துவிடுங்கள்.

கேள்வி: தொகுப்பூதியத்தில் இருக்கிறேன். என் பொறுப்பில் பத்துப் பதினைந்து பள்ளிகள். பஸ்ஸிலேயே பாதி நாள் போகிறது. எப்படிச் சமாளித்தீர்கள்? (சிறப்புப் பயிற்றுநர், தர்மபுரி மாவட்டம்)

சமாளிக்கவில்லை, தம்பி. ஒரு பள்ளிக்குப் போனால் இன்னொரு பள்ளிப் பிள்ளை என்னை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கும். சைக்கிள் ட்யூபும் காலண்டர் அட்டையும் நாம் பார்த்துக்கொள்ளலாம். ஆள் இல்லாத குறையை அட்டை தீர்க்காது. ஐந்தாம் வகுப்பு வரை 10 சிறப்புக் குழந்தைகளுக்கு ஒருவர், அதற்கு மேல் 15 பேருக்கு ஒருவர் என்று உச்சநீதிமன்றம் 2021இல் சொல்லிவிட்டது. உங்கள் ஒன்றியத்துப் பிள்ளைகளின் எண்ணிக்கையை இந்தக் கணக்கில் வகுத்து, எத்தனை பேர் குறைகிறார்கள் என்று ஒரே தாளில் எழுதுங்கள். பெற்றோர் அதைக் கையில் வைத்துக்கொண்டு கிராமசபையில் பேசட்டும். நீங்கள் கேட்டால் சம்பளப் பிரச்சினை என்பார்கள், அவர்கள் கேட்டால் பதில் சொல்லியாக வேண்டும்.

கேள்வி: பணி ஓய்வு பெற்றுவிட்டேன். பணம் அதிகம் இல்லை, நேரம் இருக்கிறது. என்னால் என்ன முடியும்? (வாசகர், நாகர்கோவில்)

பழைய மாதக் காலண்டர் தாள்கள், கெட்டித் தாளில் வந்த பத்திரிகைகள், கல்யாணப் பத்திரிகைகள் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்வையற்றோர் பள்ளிக்குக் கொடுங்கள். பிரெயில் சட்டத்தில் வைத்து ஊசியால் வலமிருந்து இடமாகக் குத்தி, திருப்பிப் போட்டு இடமிருந்து வலமாகத் தடவிப் படிப்பார்கள். எழுதிப் பழகக் கெட்டித் தாள் எவ்வளவு இருந்தாலும் போதாது.

இன்னொன்று, தேர்வு எழுதிக் கொடுப்பது. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புக்குத் துறையே ஆள் போட்டுவிடும். கல்லூரிப் பிள்ளைகள்தான் ஆள் கிடைக்காமல் முதல் நாள் இரவுவரை போன் போட்டுக்கொண்டிருப்பார்கள். அருகிலுள்ள கல்லூரியில் உங்கள் எண்ணைக் கொடுத்துவையுங்கள். கேள்வியை இரண்டு தடவை வாசியுங்கள். அந்தப் பிள்ளை யோசிக்கும்போது பேசாமல் இருங்கள். விடையைத் தப்பாகச் சொன்னால் தப்பாகவே எழுதுங்கள். உங்கள் கை பரபரக்கும், எனக்கும் பரபரத்திருக்கிறது. அது அவருடைய பரீட்சை.