கன்றும் உங்களுடையதே

இந்த வாரம் ‘ஒப்படைத்தல்’ சம்பந்தமாக வந்த கேள்விகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். இலக்கணம் கேட்டவர்களும் இருக்கிறார்கள், லாக்கர் பற்றிக் கேட்டவர்களும் இருக்கிறார்கள்.

கே: ‘கொடுத்தேன்’, ‘ஒப்படைத்தேன்’ – எதை எங்கே எழுதுவது?
– கல்லூரி மாணவி, தஞ்சாவூர்

ப: கல்யாண வீட்டு வாசலுக்கு வாருங்கள். நீங்கள் மொய் கொடுக்கிறீர்கள். மொய்ப் பெட்டியையும் நோட்டையும் பெண்ணின் அப்பா தன் மைத்துனரிடம் ஒப்படைத்திருக்கிறார். நீங்கள் தந்த ஐநூறு ரூபாய் உங்களை விட்டுப் போய்விட்டது. ஆனால் பெட்டி மைத்துனருடையது ஆகிவிடவில்லை. ராத்திரி பந்தி முடிந்ததும் நோட்டில் உள்ள கூட்டுத்தொகையும் பெட்டியில் உள்ள பணமும் ஒத்துப்போக வேண்டும், இல்லாவிட்டால் மனிதர் தூங்க முடியாது. வாங்கிக்கொண்டவர் பதில் சொல்லியாக வேண்டிய இடம் எதுவோ, அங்கேதான் ‘ஒப்படை’. காணாமல் போன பர்ஸைக் கண்டெடுத்து உரியவரிடம் சேர்ப்பதற்கும் இதே சொல்தான். வேற்றுமை உருபிலும் கவனம் வேண்டும்: மைத்துனருக்குக் கொடுத்தார், மைத்துனரிடம் ஒப்படைத்தார்.

கே: ‘கோப்பு ஒப்படைக்கப்பட்டது’ என்று எங்கள் அலுவலகத்தில் எழுதுகிறார்கள். சரிதானே?
– அரசு ஊழியர், விழுப்புரம்

ப: இலக்கணம் சரி, நிர்வாகம் தப்பு. யார், யாரிடம், எந்தத் தேதியில் என்ற மூன்றும் அந்த வாக்கியத்தில் இல்லை. நாளைக்குக் கோப்பு காணோம் என்றால் யாரைக் கேட்பீர்கள்?

கே: மகள் பிரசவத்துக்காக வெளியூர் போனோம். சினைப் பசுவைப் பங்காளி வீட்டில் விட்டுப் போனோம். அங்கே கன்று போட்டது. பசுவை ஓட்டிக்கொண்டு போ, கன்று எங்கள் கொட்டிலில் பிறந்தது, எங்களுக்குத்தான் என்கிறார்கள்.
– விவசாயி, ஒட்டன்சத்திரம்

ப: உங்கள் வழக்குக்கு 1872ஆம் ஆண்டிலேயே தீர்ப்பு எழுதியாகிவிட்டது! இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 9ஆவது அத்தியாயம் பொருளை ஒருவரிடம் ஒப்படைப்பதைப் பற்றியே பேசுகிறது. அதில் 163ஆவது பிரிவு, ஒப்படைத்த பொருளில் விளைந்த பெருக்கமும் லாபமும், வேறு ஏற்பாடு இல்லாவிட்டால், உடையவருக்கே சேரும் என்கிறது. அதற்குச் சட்டமே காட்டும் எடுத்துக்காட்டு என்ன தெரியுமா? பசுவை ஒருவன் இன்னொருவனிடம் விட்டுப்போனான், அது கன்று ஈன்றது, பசுவோடு கன்றையும் திருப்பித் தர வேண்டும். சட்டப் புத்தகத்தில் எனக்கு மிகப் பிடித்த பக்கம் இது.

ஆனால் 158ஆவது பிரிவையும் படித்துவிட்டுப் போங்கள். கூலி இல்லாமல் பார்த்துக்கொண்டவருக்கு, அதற்காக ஆன அவசியச் செலவை உடையவர் தர வேண்டும். வைக்கோல், புண்ணாக்கு, பருத்திக்கொட்டை, பிரசவம் பார்த்த மாட்டு டாக்டருக்குக் கொடுத்தது எல்லாவற்றையும் கணக்குப் பார்த்துக் கொடுங்கள். ராத்திரி முழுக்கக் கண்விழித்தவர்களுக்குச் சட்டத்தில் கூலி இல்லை. அது பங்காளிகளுக்குள் தீர்த்துக்கொள்ள வேண்டியது. சீம்பாலைக் குடித்துவிட்டார்கள் என்று சண்டைக்குப் போகாதீர்கள்.

கே: காசு வாங்காமல் சும்மா பார்த்துக்கொள்கிற பொருளுக்கும் நான் பொறுப்பா?
– வாசகர், நாகர்கோவில்

ப: ஆமாம். உங்கள் சொந்தப் பொருளாக இருந்தால் விவரமான மனிதராக எவ்வளவு கவனம் எடுப்பீர்களோ, அவ்வளவு எடுக்க வேண்டும் என்கிறது அதே ஒப்பந்தச் சட்டத்தின் 151ஆவது பிரிவு. அவ்வளவு கவனமும் எடுத்த பிறகு போனால் உங்கள்மீது குற்றமில்லை. முடியாது என்றால் வாங்கும்போதே முடியாது என்று சொல்லிவிடுங்கள். அதில் ஒரு அவமரியாதையும் இல்லை.

கே: ஓட்டல் வாசலில் கார்ச் சாவியை வாங்கிக்கொள்கிறார்கள். சீட்டின் பின்னால் ‘உரிமையாளர் பொறுப்பில்’ என்று அச்சடித்திருக்கிறது. கார் போனால் போனதுதானா?
– வாசகர், கோயம்புத்தூர்

ப: இல்லை. 1998இல் டெல்லியில் ஒரு நட்சத்திர ஓட்டலில் விருந்தினர் தன் மாருதி ஜென் காரையும் சாவியையும் ஊழியரிடம் விட்டுவிட்டு உள்ளே போனார். திரும்பி வந்தபோது கார் இல்லை. வேறு காரில் வந்திருந்த இளைஞர்கள் இந்தக் காரை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள். 2019 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது: சாவியை வாங்கிய கணத்தில் ஓட்டல் பொறுப்பேற்றுவிட்டது, தன் கவனக்குறைவை அச்சடித்த வாசகத்தின் பின்னால் மறைக்க முடியாது. சீட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கையில் இருக்கும் சாட்சி அதுதான்.

கே: வங்கி லாக்கரில் நகை வைத்தால் வங்கியிடம் ஒப்படைத்ததாகத்தானே அர்த்தம்?
– இல்லத்தரசி, மதுரை

ப: முழுதாக அல்ல. உள்ளே என்ன வைத்தீர்கள் என்று வங்கி பார்ப்பதில்லை, பட்டியலும் எடுப்பதில்லை. ஆனாலும் பெட்டகத்தைக் காக்கும் கடமை அதற்கு உண்டு. 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் இதைக் கண்டிப்பாகச் சொன்ன பிறகு ரிசர்வ் வங்கி புது விதிகளைக் கொண்டுவந்தது. 2022 ஜனவரி 1 முதல், தீ, திருட்டு, கொள்ளை, கட்டடம் இடிதல், ஊழியர் மோசடி ஆகியவற்றால் இழப்பு வந்தால் ஆண்டு வாடகையைப்போல் 100 மடங்கு வரை வங்கி பொறுப்பு. வாடகை 3,000 என்றால் 3 லட்சம். இன்றைய தங்கம் விலைக்கு அது எத்தனை சவரன் என்று நீங்களே வகுத்துப் பாருங்கள். வெள்ளம், நிலநடுக்கம் போன்றவற்றுக்கு அந்தப் பொறுப்பும் இல்லை. நகைகளைப் படம் எடுத்து, ரசீதுகளை வீட்டில் வையுங்கள்.

கே: ஒப்படைத்தலைப் பற்றி நம் இலக்கியத்தில் பெரிதாக ஏதாவது உண்டா?
– தமிழாசிரியர், திருவாரூர்

ப: இருக்கிறதே! சிலப்பதிகாரத்தின் 15ஆவது காதைக்குப் பெயரே அடைக்கலக் காதை. மதுரைக்கு வெளியே கவுந்தியடிகள் கண்ணகியை மாதரி என்ற ஆயர் மூதாட்டியிடம் ஒப்படைக்கிறார். மாதரி என்ன செய்கிறாள் பாருங்கள். தனி மனை கொடுக்கிறாள், துணைக்குத் தன் மகள் ஐயையை நிறுத்துகிறாள். சமைக்கப் பாத்திரம், பலாக்காய், வெள்ளரி, மாதுளங்காய், மா, வாழை, நல்ல அரிசி, பால்படு பொருள் என்று கொண்டுவந்து வைக்கிறாள். முன்பின் பார்த்திராத ஒருத்திக்கு இவ்வளவு. பிறகு மதுரையில் நடந்ததில் மாதரியின் பிழை கடுகளவும் கிடையாது. ஆனாலும் தன்னை நம்பி விட்ட அடைக்கலத்தை இழந்துவிட்டோம் என்று அவள் தீப்புகுந்தாள். கவுந்தியடிகள் உண்ணாநோன்பிருந்து உயிர் விட்டார். இந்தச் செய்தியை இளங்கோ நீர்ப்படைக் காதையில், மாடலன் வாயால், போகிற போக்கில் சொல்லிப் போகிறார். கண்ணகிக்குக் கோயில் எடுத்த நாம் மாதரியைப் பள்ளிப் பாடத்தில் இரண்டு வரியோடு விட்டுவிட்டோம். அது எனக்கு வருத்தம்தான்.

கம்பனில் கையடைப் படலம் இருக்கிறது. கையடை என்றாலே ஒப்படைத்தல். தசரதன் மனமில்லாமல் ராமனை விசுவாமித்திரரிடம் ஒப்படைக்கும் இடம் அது. முனிவர் பிள்ளையைப் பத்திரமாகக் காத்ததோடு, மிதிலைக்கு அழைத்துப்போய் மருமகளையும் சேர்த்துக் கொடுத்தார். ஒட்டன்சத்திரத்துப் பங்காளி கவனிக்க!

கே: ‘ஒப்புவி’ என்பதும் ‘ஒப்படை’ என்பதும் ஒன்றா?
– வாசகி, தூத்துக்குடி

ப: கிட்டத்தட்ட. சிலுவையில் இயேசு உயிரைப் பிதாவிடம் விடும் இடத்தில் பழைய தமிழ் பைபிள் ‘ஒப்புவி’ என்கிறது, கத்தோலிக்கர் படிக்கும் திருவிவிலியம் ‘ஒப்படை’ என்கிறது. நம் பிள்ளைகள் செய்யுளை ‘ஒப்பிப்பதும்’ ஒப்புவிப்பதே. இலங்கைப் பள்ளிகளில் வீட்டில் செய்து வந்து காட்டும் பயிற்சிக்கே ‘ஒப்படை’ என்றுதான் பெயர்.

கே: மகளின் நகையை ‘பத்திரமாக இருக்கட்டும்’ என்று மாமியார் வாங்கி வைத்துக்கொண்டார். இப்போது கேட்டால் ‘குடும்பச் சொத்து’ என்கிறார்.
– தாய், சேலம்

ப: அம்மா, அது உங்கள் மகளின் சொத்து. 1985இல் பிரதிபா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: பெண்ணின் சீதனம் அவளுக்கு மட்டுமே உரியது, கணவர் வீட்டில் இருந்தாலும் அது ஒப்படைக்கப்பட்ட பொருள்தான், திருப்பித் தர மறுப்பது குற்றவியல் நம்பிக்கை மோசடி ஆகலாம். அப்போது இந்தியத் தண்டனைச் சட்டம் 406, இப்போது பாரதிய நியாய சன்ஹிதா 316. முதலில் உட்கார்ந்து பேசுங்கள், பேசும்போது கையில் பட்டியல் இருக்கட்டும். கல்யாணத்தில் வந்த பரிசுகளைப் பட்டியலிட்டு மணமக்கள் கையெழுத்திட வேண்டும் என்று 1985ஆம் ஆண்டு விதியே இருக்கிறது. பத்திரிகையில் பிள்ளையார் சுழி போடுகிற அக்கறையோடு இதையும் எழுதலாமே.

கே: வீட்டை மகன் பெயருக்கு எழுதப் போகிறேன். கடைசி வரை பார்த்துக்கொள்வான் என்று ஒப்படைக்கிறேன்.
– ஓய்வு பெற்றவர், திருச்சி

ப: ஐயா, எழுதிக் கொடுப்பது ஒப்படைப்பது அல்ல. பதிவு முடிந்ததும் வீடு அவருடையது. உங்கள் மகன் தங்கமானவராகவே இருக்கட்டும். இருந்தாலும், 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், 23ஆவது பிரிவு உங்களுக்காகத்தான் இருக்கிறது. அடிப்படை வசதிகளும் தேவைகளும் செய்து தர வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்து, அவை கிடைக்காவிட்டால், தீர்ப்பாயம் அந்தப் பத்திரத்தைச் செல்லாது என்று அறிவிக்கலாம். கோட்டாட்சியரிடம் மனுக் கொடுத்தால் போதும். ஆனால் அந்த நிபந்தனை வாய்ப்பேச்சாக மட்டும் இருந்தால் நிரூபிக்க அலைய வேண்டியிருக்கும். பத்திரம் எழுதுபவரிடம் சொல்லி அந்த ஒரு வரியைச் சேர்க்கச் சொல்லுங்கள். சேர்த்திருக்கிறாரா என்று நீங்களே கண்ணாடி போட்டுப் படித்துப் பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.