பார்ட்டி கிளம்பிடுச்சு சார்

நேற்று ஞாயிற்றுக்கிழமை. பத்தரைக்கு வருவதாகச் சொன்ன பார்ட்டி ஒன்றேகாலுக்கு வந்தது. வீட்டு புரோக்கர் பாஷையில் பார்ட்டி எப்போதும் அஃறிணைதான். “பார்ட்டி கிளம்பிடுச்சு சார்”, “பார்ட்டி கிண்டி தாண்டிடுச்சு சார்.” கிண்டியிலிருந்து மடிப்பாக்கத்துக்கு இரண்டு மணி நேரம் ஆகும் என்றால் அது நடந்துதான் வந்திருக்க வேண்டும். அதுவரை நானும் மனைவியும் சாப்பிடவில்லை, தொட்டியில் தட்டு விழுந்துவிடும் என்று. சோபாவிலும் உட்காரவில்லை, குஷன் கசங்கிவிடும் என்று. சொந்த வீட்டில் வேலைக்கு மனுக் கொடுக்க வந்தவர்கள் போல் நின்றுகொண்டிருந்தோம்.

வந்தவர் செருப்பைக் கழற்றவில்லை. கூடத்தைப் பார்க்கவில்லை. மனைவி இரண்டு நாள் பிரஷ் வைத்துத் தேய்த்த பாத்ரூம் டைல்ஸைப் பார்க்கவில்லை. நேராகப் படுக்கையறைக்குப் போய், சுவரில் தொங்கிய மாதக் காலண்டரைத் தூக்கிப் பார்த்தார். 1,050 சதுர அடியில் அவருக்குப் பார்க்கக் கிடைத்தது அந்த ஒன்றரை அடி! “ஓதம்” என்றார். “பார்த்துட்டுச் சொல்றோம்” என்று கிளம்பிவிட்டார். பார்த்தாயிற்றே, இன்னும் எதைப் பார்த்துவிட்டு?

அந்தக் காலண்டருக்குப் பின்னால் இருப்பது ஓதமே இல்லை, அதற்கு மேல் வீட்டு பாத்ரூமும் ஒரு நீண்ட வரலாறும் காரணம். அதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். சொல்கிறேன்.

“வீடு நல்லாத்தான் சார் இருக்கு, சாமான்தான் ஜாஸ்தி” என்று புரோக்கர் முதல் நாளே சொல்லிவிட்டார். டல்லாஸில் இருக்கும் மகள் வீடியோவில் வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, “அப்பா, யாருமே குடியிருக்காத வீடு மாதிரி தெரியணும்” என்றாள். அங்கெல்லாம் வீடு விற்பதற்கு சோபாவை வாடகைக்கு எடுத்துப் போடுவார்களாம், அடுப்பில் பிஸ்கட் சுடுவார்களாம், வாசனைக்காக. இங்கே அதே வாசனைக்காக ஞாயிற்றுக்கிழமை மீன் குழம்பு ரத்து. மூன்று வாரமாக ரசம்.

சரி, சாமான். பரணைத் திறந்தோம்.

பரணில் இருந்தது சாமான் இல்லை. அட்டைப்பெட்டி. 2004-ல் வாங்கிய 21 அங்குல டிவியின் பெட்டி. டிவி எக்ஸ்சேஞ்சில் போய்ப் பல வருடம் ஆகிறது. பெட்டி தெம்பாக இருக்கிறது. அதைத் திறந்தால் உள்ளே மிக்ஸி பெட்டி. மிக்ஸி பெட்டிக்குள் அயர்ன் பாக்ஸ் பெட்டி. அதற்குள் செல்போன் பெட்டி. செல்போன் பெட்டிக்குள் பதினோரு மொழியில் அச்சடித்த கையேடும், தின்ன வேண்டாம் என்று எழுதிய சிலிக்கா ஜெல் பொட்டலமும். கருவறைக்குப் போகும் வழியில் இத்தனை பிராகாரம் நான் ஸ்ரீரங்கத்தில்தான் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு பெட்டியிலும் அந்தந்தப் பொருளின் உடம்பு படிந்த தெர்மாகோல். எடுக்கும்போது அது ஒரு சத்தம் போடும் பாருங்கள், கீழ்வீட்டுக்காரருக்கும் பல் கூசியிருக்கும். கிரைண்டர் பெட்டி, வாட்டர் ஹீட்டர் பெட்டி, மகளுக்குப் பத்தாம் வகுப்பில் வாங்கிய கால்குலேட்டரின் பெட்டி. கல்யாணத்தில் வந்த ஆறு சுவர்க்கடிகாரங்களின் பெட்டிகள் ஆறு. கடிகாரங்களை வேறு கல்யாணங்களுக்குக் கொடுத்துவிட்டோம், பெட்டி இல்லாமல். ஃபிரிட்ஜ் பெட்டி பரணில் ஏறாததால் மடித்துக் கட்டிலுக்கு அடியில். வாஷிங் மெஷின் பெட்டியில் மகள் ஏழு வயதில் ஜன்னல் வெட்டி, வாசலில் கோலம் வரைந்து, ஒரு கோடை விடுமுறை முழுக்கக் குடியிருந்தாள். அதை வாங்க எந்தப் பார்ட்டியும் செருப்போடு வரவில்லை.

எதற்கு இத்தனை பெட்டி? முதல் ஒரு வருடம் வாரண்டிக்கு. பெட்டி இல்லாவிட்டால் வாரண்டி செல்லாது என்று யார் சொன்னது? யாரும் சொல்லவில்லை. அப்புறம், வீடு மாற்றும்போது வேண்டியிருக்கும் என்று. 2003-ல் குடிவந்த இந்தச் சொந்த வீட்டை நாங்கள் மாற்றவே இல்லை. பழைய பேப்பர்காரர் மூன்று நடை ஏறி இறங்கினார். இருபத்து மூன்று கிலோ, கிலோ எட்டு ரூபாய், நூற்று எண்பத்து நான்கு. அடுத்த வாரம் வீட்டுச் சாமான் ஏற்றும் கம்பெனிக்குப் போன் செய்து உத்தேசச் செலவு கேட்டேன். அந்தப் பையன் கேட்ட முதல் கேள்வி: “டிவி, மிக்ஸிக்கெல்லாம் ஒரிஜினல் பெட்டி வெச்சிருக்கீங்களா சார்?”

நான் போனை வைத்துவிட்டேன்.

இப்படிக் காலி செய்த வீட்டைப் பார்க்க வருகிறவர்களாவது வீட்டைப் பார்க்கிறார்களா? ஒருவர் செல்போனில் திசைகாட்டியை வைத்துக்கொண்டு அறை அறையாக நடந்தார். இரும்பு பீரோ பக்கத்தில் நின்றபோது ஈசான மூலை சமையலறைக்குப் போய்விட்டது. ஃபிரிட்ஜ் பக்கத்தில் நின்றபோது வாசல் தெற்குப் பார்த்தது. இருபது வருடமாகக் காலையில் அந்த வாசலில் வெயில் வருகிறது என்றேன். அவர் சூரியனை நம்பத் தயாராக இல்லை. இன்னொருவர், “2015 வெள்ளத்துல வீட்டுக்குள்ள தண்ணி வந்துச்சா?” என்று கேட்டார். எங்களுடையது இரண்டாவது மாடி. இங்கே வந்திருந்தால் அதைச் சொல்ல நானும் கேட்க அவரும் இருந்திருக்க மாட்டோம். மூன்றாமவர் எங்கள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, எங்கள் காபியைக் குடித்துக்கொண்டே கணக்குப் போட்டார். யூ.டி.எஸ்., அதாவது மனையில் நம் பிரிபடாத பங்கு, ஐந்நூறு அடிதானா, கால் கிரவுண்டுகூட இல்லையே என்று பெருமூச்சு விட்டார். முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 9 சதவீதம் அவர் அரசாங்கத்துக்குக் கட்ட வேண்டுமாம். அதனால் அந்த ஒன்பதை நான் குறைத்துக்கொள்ள வேண்டுமாம். முப்பது வருட வில்லங்கச் சான்றிதழை நீட்டினேன். பார்க்கக்கூட இல்லை. வில்லங்கம் எதிரே உட்கார்ந்திருக்கிறது, அது எந்தச் சான்றிதழிலும் வராது.

காபி டிகாக்‌ஷன் முதல் டிகாக்‌ஷன் என்பதையும் இங்கே பதிவு செய்துவிடுகிறேன்.

காலண்டருக்கு வர வேண்டும். அதற்குமுன் இன்னொரு ஆணி. கூடத்தில் அம்மாவின் படம் மாட்டியிருந்த ஆணி. “தப்பா நெனைக்காதீங்க சார், மாலை போட்ட படம் இருந்தா பார்ட்டி மொகம் சுளிக்குது” என்றார் புரோக்கர். நான் தப்பாகத்தான் நினைத்தேன். அம்மா இந்த வீட்டில் சாகக்கூட இல்லை, ஊரில்தான் போனார். ஆனாலும் கழற்றிவிட்டோம். அம்மா ஒன்பது நாளாக பீரோவுக்குள் பட்டுப் புடவைகளுக்கு நடுவே இருக்கிறார். ஜீரோ வாட் பல்பைக் கழற்ற மறந்துபோய், அது இப்போது வெறும் சுவருக்கு எரிகிறது. நேற்று வந்தவர் கூடத்தில் கிளம்பும்போது அதை மட்டும் பார்த்து, “இது எதுக்கு?” என்று கேட்டார். “நைட் லேம்ப்” என்றேன்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே புரோக்கர் போன். புதன்கிழமை ஒரு பார்ட்டி, ரெடி கேஷ், காலை பத்தரைக்கு வருகிறதாம்.

“புதன்கிழமை அமாவாசை” என்றாள் மனைவி. “படையல் போடணும்.”

வேறு நாள் வரச் சொல்லட்டுமா என்றேன்.

“எதுக்கு? பத்தரைன்னா ஒண்ணேகாலுக்குத்தான் வருவாங்க. அதுக்குள்ள படைச்சு, காக்காவுக்கு வெச்சு, நாமளும் சாப்பிட்டு முடிச்சு, அத்தையைத் திரும்ப உள்ள வெச்சுடலாம்.”