திரையில நல்லாத்தான் மிதக்குது, தம்பி

வாப்பா, உக்காரு. தி.நகர் மூணாம் மாடி ஃபிளாட்டுல 17 அடி கயாக் கட்டப் போறியாமே? பேஷ்! கம்ப்யூட்டர்ல அது சுத்திச் சுத்தி வர்றதப் பாத்தேன். அலையில்ல, காத்தில்ல, ஒரு சொட்டு ஒழுகல் இல்ல. இவ்வளவு சமத்தா ஓடுற படகை எதுக்கு மரத்துல கட்டிக் கெடுக்கற?

கட்டியே தீருவேன்னா முதல்ல உங்க மாடிப்படியையும் வரைஞ்சு, படகு அதுல திரும்புதான்னு பாத்துக்க. திரும்பலைன்னா மூணு துண்டாச் செஞ்சு போல்ட்டு போட்டு மாட்டற மாதிரி இப்பவே வரை. படகு காஞ்சப்புறம் சுவத்த இடிக்க அசோசியேஷன் சம்மதிக்காது.

ஃப்ரீஷிப், டெல்ஃப்ட்ஷிப் மாதிரி படகு வரையற சாஃப்ட்வேர் எல்லாம் கெட்டிக்காரச் சாமான்தான், குறை சொல்லலை. அந்தக் காலத்துல அளவுப் பட்டியல வெச்சுக்கிட்டு, முட்டி தேயத் தவழ்ந்து, தரை முழுக்க முழு அளவுல கோடு போட்ட வேலைய இது உக்காந்த இடத்துல முடிச்சுடுது. வளைஞ்ச பலகையத் தட்டையா விரிச்சு, வெட்ட வேண்டிய உருவத்தையும் குடுத்துடுது. ஆனா உன் எடைய அதுகிட்டயாவது உண்மையாச் சொல்லு. படகு 20 கிலோ, நீ 80 கிலோன்னா கடல் தண்ணி சுமார் 98 லிட்டர் ஒதுங்கணும். கல்யாணத்தப்ப இருந்த எடையப் போட்டியோ, திரையில மட்டும்தான் மிதப்ப.

அடுத்தது பிரிண்ட். தாளுக்கு அடங்கற மாதிரி சுருக்கற டிக்கைக் கடைப் பையன் எடுக்காம விட்டான்னா படம் அம்சமா வரும், படகு குள்ளமாயிடும். ஓரத்துல நெடுக்க ஒரு மீட்டர், குறுக்க அரை மீட்டர்னு ரெண்டு கோடு போட்டு வை. தாள் கைக்கு வந்ததும் டேப்பால அள. ஐப்பசி ஈரத்துல காகிதமும் ஊதும். அப்புறம் தாள்ல உள்ள புள்ளிகள பிளைவுட்ல குத்தி, ஆணி நட்டு, கணுவில்லாத நீள ரீப்பர வளைச்சு ஓட்டு. ஏதோ ஒரு ஆணிய அது தொடமாட்டேன்னு முரண்டு பிடிச்சா, ரீப்பரத் திட்டாத, ஆணியப் பிடுங்கு. கன்னத்தத் தரையோட ஒட்டி, ஒத்தக்கண்ணால பாரு. திரையில பெருசாக்கிப் பாத்தா எந்தக் கோணல் கோடும் யோக்கியமாத்தான் தெரியும்.

பிளைவுட் 8 அடிதான். ரெண்டத் தலையோட தலை ஒட்டினாலும் 17 வராது. ஒட்டுக்கு வேற பலகையச் சாய்வாச் சீவணும், 4 மி.மீ. பலகைக்கு 32 மி.மீ. சாய்வு.

பலகை ஓரத்துல துளை போட்டு, செம்புக் கம்பியால தச்சு, எபாக்ஸி பூசற வித்தைய ஏதோ சீமை அதிசயம்ங்கற. 1962ல இங்கிலாந்துல வடிவமைச்ச மிரர் படகு இப்படித் தச்சு ஒட்டறத ஊரறிய வெச்சது வாஸ்தவம். ஆனா மெட்ராஸ்ல துறைமுகம் வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே, கப்பல்ல வந்த துரைமாருங்க அலையத் தாண்டிக் கரையேறினது மசூலா படகுல. விலாக்கட்டை கிடையாது, ஆணி கிடையாது. பலகையோட பலகைய தேங்கா நார்க் கயித்தால தச்சது. அலை அடிச்சா நெளிஞ்சு குடுக்கும். விறைச்சுக்கிட்டு வந்த சீமைப் படகுதான் உடையும்.

உன் படகு அந்த ஜாதியில்ல. எபாக்ஸி காஞ்சா அதுவும் விறைச்சுக்கும். அதனால முதல் நாளே பெசன்ட் நகர் அலையில வீரம் காட்டாத. அடையாறும் வேணாம், அங்க கவுந்தா முழுகறதவிட முழுங்கறதுதான் ஆபத்து. முட்டுக்காட்டுப் பக்கம் தண்ணி அடங்கிக் கிடக்கும். அங்க கேட்டு அனுமதி வாங்கி, கரையோரமா இறக்கு. லைஃப் ஜாக்கெட்டப் போட்டுக்கிட்டு ஏறு. அத மட்டும் திரையில வரைஞ்சு பிரயோஜனமில்ல.