காசு குடுத்து வாங்குன கண்ணேறு

செம்பூர்ல ரெண்டு பெட்ரூம் வீடு. பலே மருமவனே! கதவு உன் பெருவிரலுக்குத் தெறக்குது. விளக்கு சொன்ன வாக்குக்கு எரியுது. நீ சயான் தாண்டும்போதே வீட்ல ஏசி குளிர ஆரம்பிச்சிருது. வாசல்ல ஒரு கேமரா, ஹால்ல ஒரு கேமரா, கேட்டதுக்கெல்லாம் பதில் சொல்ல ஒரு பொட்டி. எங்க அத்தான், அதான் உன்னைப் பெத்தவரு, தாராவி தொண்ணூறு அடி ரோட்டுக்குப் பின்னால பத்துக்குப் பத்து ஒத்தை ரூம் கோலியில எட்டு உசுரை அடைச்சிக் குடும்பம் நடத்துனவரு. பாதி நாளு சாக்குப் படுதாதான் கதவு. எங்கயோ போயிட்டடே நீ.

கோலியில மட்டும் ரகசியம் வாழ்ந்துச்சாக்கும்னு கேப்பே. வாழல. இன்னார் வீட்டு மீன்கொழம்புல உப்புக் கம்மிங்கது கொழம்பு எறக்குமுன்னே நாலு வீட்டுக்குத் தெரியும். ஆனா எட்டிப் பாக்குதவ யாருன்னு நமக்குத் தெரியும். வாய் நீண்டா குழாயடியில வச்சி நாக்கைப் பிடுங்குத மாதிரி கேட்டுரலாம். அவ வீட்டுக் கொழம்பும் நமக்குத் தெரியும்லா! இப்ப உன் ஹாலைப் பாக்குதவன் எந்தச் சீமைக்காரன்? எந்தக் குழாயடிக்குப் போவே?

கேமரா மாட்ட வந்த பையன்ட்ட, பாஸ்வேர்டு என்னடேன்னு கேட்டேன். "அட்மின் ஒண்ணு ரெண்டு மூணு, தாத்தா. எல்லா வீட்டுக்கும் இதான். மறந்துராது பாருங்க"ன்னான். தங்கமான பிள்ளை. நீயும் அதை மாத்தலையாமே. மாத்திராதே. அலிகார் பூட்டா வாங்கி மாட்டி, சாவியையும் அந்தப் பூட்டுலயே தொங்க விட்டாத்தான வார விருந்தாளிக்குச் சௌகரியம்.

ராஜ்கோட்டுல ஒரு பிரசவ ஆஸ்பத்திரி. பரிசோதனை பண்ணுத ரூம்லயே கேமரா. பொம்பளையளைச் சோதிக்குத படம் யூடியூபுல துண்டு துண்டா வந்து, முழுசும் வேணும்னா டெலிகிராம்ல காசு கட்டுன்னு வியாபாரம் நடந்துருக்கு. 2025 பிப்ரவரியில சங்கதி அம்பலமாச்சி. நம்ம மகாராஷ்டிரத்துலயும் ஆளைப் பிடிச்சாவ. தோண்டிப் பாத்தா, அந்த கேமராவுல கிடந்த பாஸ்வேர்டும் அதே அட்மின் 123. கம்பெனியில இருந்து வந்த கோலத்துலயே மாட்டி விட்டுருக்காவ.

"என் வீட்ல பாக்க என்ன இருக்கு மாமா"ங்காதே. பாக்காமலே உன் கேமராவை அடியாளாச் சேத்துக்கிடுவான். 2016ல மிராய்னு ஒரு வைரஸ் சனியன் வந்துச்சி. அதுக்குத் தெரிஞ்ச வித்தை ஒண்ணே ஒண்ணு: கம்பெனிக்காரன் போட்டுக் குடுத்த பாஸ்வேர்டுல அறுபது சொச்சத்தை மனப்பாடம் பண்ணிக்கிட்டு, உலகம் பூரா கேமராவையும் ரவுட்டரையும் தட்டிப் பாக்கது. தெறந்ததையெல்லாம் சேத்துப் படை கட்டி, அக்டோபர் 21ந் தேதி, இன்டர்நெட்டுல விலாசம் காட்டுத டைன்ங்கிற கம்பெனி மேல ஏவி விட்டாவ. அமெரிக்காவுல ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் எல்லாம் படுத்துட்டு. மிராயை எழுதுனது காலேஜ் படிக்குத வயசுப் பயலுவ.

உன் பேசுத பொட்டி அலெக்சாவைப் பத்தி நான் சொல்ல ஒண்ணுமில்ல. அமெரிக்க அரசாங்கமே சொல்லியாச்சி. சின்னப் பிள்ளைய குரலை, பெத்தவங்க அழிக்கச் சொன்ன பொறவும் வச்சிருந்தாவங்கிற வழக்குல, 2023ல அமேசான் ரெண்டரைக் கோடி டாலர் கட்டச் சம்மதிச்சிது. உன் மவ அதுட்ட என்ன கதை பேசுதான்னு உக்காந்து கேட்டிருக்கியா? அது கேட்டுருக்கு.

சரி, சோலிக்கு வாரேன். ஹால் கேமரா எதுக்குன்னு கேட்டா, அம்மையைப் பாத்துக்கிடங்கியே. எங்க அக்கா இப்ப சேலையைச் சரி பண்ணக்கூட பாத்ரூமுக்குப் போறா. பகல் முச்சூடும் அடுப்படியில ஸ்டூலைப் போட்டு உக்காந்துருக்கா, அங்கதான் உன் கண்ணு எட்டாதாம். நேத்தைக்கு ஆபீஸ்ல இருந்துக்கிட்டுச் செவுத்து வழியா "மாத்திரை போட்டியா"ன்னு அதட்டுனியாமே. செத்துப்போன அத்தான்தான் திரும்பி வந்துட்டாவளோன்னு அவளுக்குக் கையும் காலும் ஆடிப் போச்சி. குரல் வேற அச்சா அவரு குரலு.

கல்கத்தாவுல ஒரே வீட்ல இருந்த அண்ணன் தம்பிக்குள்ள இதே கேமராத் தகராறு. கூட இருக்கவன் சம்மதம் இல்லாம வீட்டுக்குள்ள கேமரா ஓடக்கூடாதுன்னு ஹைகோர்ட் சொல்லிட்டு. சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனவனையும் 2025 மே மாசம் திருப்பி அனுப்பிட்டாவ. அந்தரங்கம் அடிப்படை உரிமைன்னு ஒன்பது நீதிபதிமாரு 2017லயே எழுதி வச்சாச்சி. 2023ல வந்த தனியாள் தகவல் பாதுகாப்புச் சட்டம் மட்டும், சொந்த வீட்டு உபயோகத்துக்குப் படம் பிடிக்கவனைக் கேக்காது. அதனால தைரியமா இரு. அக்கா கேஸ் போடமாட்டா. நான் போடுவேன்.

பழைய ரவுட்டரை என்ன செஞ்சே? பழைய சாமான் எடுக்குத பங்கார்காரன்ட்ட குடுத்தியா? இந்த இடத்துல மாமன் பேச்சைக் கொஞ்சம் காது குடுத்துக் கேளு, ஆயுசு பூரா அந்தச் சோலி பாத்தவன் நான். பம்பாய்ல தூக்கிப் போடுத டிவி, கம்ப்யூட்டர், ஒயருல நெறைய கடைசியில நம்ம தாராவி தேரா கம்பௌண்டுக்குத்தான் உடைக்க வரும். செம்பைப் பிரிப்பான், பிளாஸ்டிக்கைப் பிரிப்பான். கேமராவுக்குள்ள கிடக்குத மெமரி கார்டை எவனும் உடைக்க மாட்டான், அதுக்குத் தனி விலை. அதுல உன் குடும்பமே சினிமாவா ஓடும். கார்டை விடு, பல்பு கூடக் காட்டிக் குடுக்கும். 2019ல ஒரு ஆராய்ச்சிக்காரரு ஸ்மார்ட் பல்பு ஒண்ணை உடைச்சி, அதுக்குள்ள வீட்டு வைஃபை பாஸ்வேர்டு பச்சையா எழுதியிருக்கதை எடுத்துக் காட்டுனாரு. போடுமுன்னே எல்லாத்தையும் அழிச்சி ரீசெட் பண்ணணும்டே. அந்தக் காலத்துல ஆகாத லெட்டரைக் கிழிச்சி அடுப்புல போடுவோம்லா, அந்த அறிவு எங்கே போச்சி?

2025 ஏப்ரல் 9லருந்து விக்குத கேமராவுக்கெல்லாம் அரசாங்கச் சோதனை கட்டாயம். உன் செவுத்துல ஏற்கெனவே தொங்குததுக்கு அது பொருந்தாது, அதுக்கு நீதான் சர்க்காரு. ஹால்ல இருக்கதைக் கழட்டு. வாசல்ல இருக்கது வாசலை மட்டும் பாக்கட்டும், எதுத்த வீட்டு மராத்திக்காரம்மா கதவை இல்ல. ரவுட்டர்ல விருந்தாளிக்குன்னு தனி வைஃபை உண்டு. பல்பு, ஏசி, பொட்டி எல்லாத்தையும் அதுல தள்ளு. உன் பேங்குக் கணக்கு இருக்குத போன் வேற பந்தியில சாப்பிடட்டும். அப்டேட் வந்தா நாளைக்கு நாளைக்குன்னு தள்ளாதே.

பாஸ்வேர்டுக்கு மவ பேரும் பொறந்த வருசமும் போட்டுராதே. அதை நீயே பேஸ்புக்ல கேக்கு வெட்டி ஊருக்குச் சொல்லியாச்சி. ஊர்ல உங்க அம்மை சின்னதுல வளத்த ஆடு நாலு. நாலுக்கும் அவ வச்ச பேரைக் கோத்துப் போடு, எந்தச் சீமைக்காரனுக்கும் வாயில நுழையாது. பேரு என்னன்னு போன்ல கேக்காதே, பொட்டி பக்கத்துல இருக்கும். அடுப்படிக்குப் போய் அக்கா பக்கத்துல உக்காந்து கேளு. வெறுங்கையோட போகாதே, மாட்டுங்கா மார்க்கெட்ல கும்மோண வெத்தலை ஒரு கவுளி வாங்கிட்டுப் போ. ஒவ்வொரு ஆட்டுக்கும் ஒரு கதை வச்சிருக்கா, ஆபீஸுக்கு லீவு சொல்லிட்டுப் போறது உத்தமம்.