அகலப் பாதையின் சாபம்

1999-இல் வெளிவந்த, கிறிஸ் சாயர் ஏறக்குறைய முழுவதும் அசெம்பிளி மொழியிலேயே எழுதிய ‘ரோலர்கோஸ்டர் டைகூன்’ விளையாட்டில் நானும் ஒரு பூங்கா கட்டினேன். தாராள மனசு, நடைபாதையை மூன்று கட்டம் அகலமாகப் போட்டேன். பிடித்தது சனி. பூங்காவுக்கு வரும் கணினி விருந்தாளிகளுக்கு ஒவ்வொரு கட்டமும் ஒரு நாற்சந்தி. செக்குமாடு தோற்றது, அப்படி ஒரு சுற்று! வாசல் கண்ணெதிரே இருக்க, வெளியே போக வழி தெரியவில்லை என்று மனசுக்குள் புலம்பல்.

ஒற்றைக் கட்டச் சந்தாகக் குறுக்கினேன், விறுவிறுவென நடந்தார்கள். தகவல் கடையில் வரைபடமும் விற்றேன். வழி தொலைத்தவரிடம் வாங்காமல் வேறு யாரிடம் காசு வாங்குவது? அப்படியும் முணுமுணுத்த ஒருவரை விளையாட்டில் உள்ள இடுக்கியால் தூக்கிக் குளத்தோரம்… சரி, குளத்தில்தான் விட்டேன். பூங்காவின் மதிப்பெண் ஏனோ சரிந்தது.