எதிர்பாராத ஐப்பசி

இந்த வருடமும் புரட்டாசிக்குப் பிறகு ஐப்பசி வந்துவிட்டது. கோட்டையில் ஒருவரும் எதிர்பார்க்கவில்லை. அடுத்து கார்த்திகையும் வரும் என்று சிலர் வதந்தி கிளப்புகிறார்கள். பொதுமக்கள் நம்ப வேண்டாம்.

சென்னை 1943இல் மூழ்கியது. 1976, 1985, 2005 என்று சளைக்காமல் மூழ்கியது. கேட்டால், வரலாறு காணாத மழையாம். பாவம் வரலாறு, எத்தனை முறை கண்டாலும் அதற்குக் கண் தெரியாது. 2015 டிசம்பர் 1 அன்று தாம்பரத்தில் 49 செ.மீ. கொட்டியது. அன்றிரவு செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறந்துவிட்டார்கள். அடையாற்றங்கரையில் தூங்கப் போனவர்களில் பலர் விடியலைப் பார்க்கவில்லை. இது மனிதர்கள் வரவழைத்த பேரிடர் என்று தணிக்கைத் துறையே பின்னால் எழுதிவைத்தது. அந்த மனிதர்களைத்தான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம்.

ஆட்சி மாறியது, வசனம் மாறவில்லை. 2023 மிக்ஜாம், பெயர் சூட்டி, நாள் குறித்து, வானிலை மையம் படம் போட்டுக் காட்டிய புயல். அதுவும் எதிர்பாராததுதான். 2019இல் ஏரிகள் வறண்டு ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்ததே, அதுவும்தான். பெய்தாலும் திடுக்கிடுவார்கள், பொய்த்தாலும் திடுக்கிடுவார்கள். சம்பளம் வருவது மட்டும் முன்கூட்டியே தெரியும்.

2004 சுனாமியை எதிர்பார்க்கவில்லை என்றால் ஒப்புக்கொள்ளலாம். பள்ளிக்கரணைச் சதுப்பில் குப்பை கொட்டியது யார், கடலா? வீட்டு வசதி வாரியம் மனை பிரித்து விற்ற முகப்பேர்ப் பகுதிக்குப் பெயரே ‘ஏரித் திட்டம்’. இவ்வளவு நேர்மையாகப் பெயர் வைத்துவிட்டு, ஏரி தன் வீட்டுக்குத் திரும்பினால் ஆக்கிரமிப்பு என்கிறார்கள். இவர்கள் வரையும் எதிர்காலச் சென்னைப் படங்களைப் பாருங்கள்: கண்ணாடிக் கட்டடம், சைக்கிள் பாதை, சிரிக்கும் குடும்பம். ஒரு படத்திலும் மழை பெய்யாது.

2024 அக்டோபரில் சிவப்பு எச்சரிக்கை என்றதும் வேளச்சேரிக்காரர்கள் கார்களை மேம்பாலத்தில் ஏற்றி வரிசையாக நிறுத்தினார்கள். நாளை நடக்கப்போவதை அவர்களால் துல்லியமாகக் கற்பனை செய்ய முடிந்தது. ஆணையம் தேவைப்படவில்லை, ஆய்வுக் கூட்டமும் முந்திரி பக்கோடாவும் தேவைப்படவில்லை. சரி, கார் வைத்திருப்பவர்கள் பிழைத்தார்கள். ஆற்றோரம் ஆபத்து என்று குடிசையைப் பிய்த்தெறிந்து, சதுப்பு நிலத்துப் பக்கம் பெரும்பாக்கத்தில் கொண்டுபோய்க் கொட்டினீர்களே, அந்தச் சனங்கள் எதை எந்தப் பாலத்தில் ஏற்றுவது? அதற்கும் ஒரு அரசாணை போடுங்கள், கார்த்திகைக்குள்.